மேல்தொட்டியில் மூன்று இட்லி

மூன்று இட்லி. முழு இட்லி. ஒரு விள்ளல்கூட எடுக்காத இட்லி. மேல்தொட்டியில் வேப்பஞ்சருகையும் தோலையும் கையால் ஒதுக்கினால் அடியில் வரிசையாகக் கிடக்கின்றன, பச்சையாகப் பூசணம் படர்ந்து. இதுதான் நாற்றம். இரண்டு வாரமாக இந்த மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வருகிற ஒவ்வொருத்தரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பெயரைச் சொன்னதற்கு இதுதான் காரணம். அழுகிய முட்டைக்கோசு இல்லை, நான் தெளிக்கிற புளித்த மோர் இல்லை. சமைத்த சாப்பாடு. மூடியிலேயே பெயிண்டால் கொட்டை கொட்டையாக எழுதி வைத்திருக்கிறேன், காய்த்தோல் பழத்தோல் இலைதழை மட்டும், சமைத்தது போடக்கூடாது என்று. கண் இருக்கிறவர்களுக்குத்தானே எழுத்து. பதினோரு மணிக்குச் செயலாளர் ஜெயபால் ஆளோடு வரப்போகிறார், என் மூன்று தொட்டியையும் கீழே இறக்கி மாநகராட்சி வண்டியில் ஏற்ற. சங்கக் கூட்டத்தில் கைதூக்கித் தீர்மானம் போட்டார்களாம். பன்னிரண்டு வீட்டில் பத்துக் கை. பத்துக் கைக்கும் சொந்தக்காரர்கள் என் உரத்தை டப்பாவில் வாங்கிப் போய் ரோஜாவுக்குப் போட்டவர்கள்தான், அதை நான் ஞாபகப்படுத்தவா முடியும். இப்போது மணி ஒன்பதே முக்கால். மூட்டு வைத்தியத்துக்குப் போன இடத்திலிருந்து வீட்டுக்குள்கூட நுழையாமல் நேராக மூன்று மாடி ஏறி வந்திருக்கிறேன், முழங்கால் இரண்டும் அழுகிறது. அழட்டும். இந்த இட்லியைக் காகிதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் மாடி ஷர்மிளா வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். வேறு யார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் ஐந்து நாள் பையில் வருகிற சாப்பாடு, பாதியைத் தின்பார்கள், மீதியை என்ன செய்வார்கள். பத்து நாளைக்கு முன்னால் படியில் நிறுத்திக் கேட்டேன். நாலு பேர் கேட்கத்தான் கேட்டேன். அந்தப் பெண் முகம் சுண்டிப்போய், இல்லை ஆன்ட்டி, நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம் என்றாள். செய்யமாட்டார்களாம். அதற்கப்புறம் அவள் வீட்டிலிருந்து வெங்காயத்தோல்கூட எங்கள் வாளிக்கு வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்றத்தைப் பற்றி எனக்கு ஒருத்தரும் பாடம் எடுக்க வேண்டாம். பெண்கள் பள்ளியில் இருபத்தொன்பது வருஷம் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள் நான். அழுகிய முட்டை வாடை அடிக்கிற வாயுவைப் பிள்ளைகள் தயாரிக்கும்போது டீச்சரே ஜன்னல் பக்கம் ஓடிப்போவார், நான்தான் சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்ப்பேன். மண் மக்குகிற வாசனை ஒன்று, அது மழை பெய்த தோட்டத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். காற்று போகாமல் புழுங்குகிற வாடை ஒன்று, கிளறிவிட்டு இரண்டு கை தென்னைநார்த் தூளைப் போட்டால் போய்விடும். சோறு புளித்து அழுகுகிற வாடை வேறு, அது தொண்டையில் வந்து உட்காரும். படிக்கட்டு வரைக்கும் இறங்கி வந்த இந்த வாடை அதுதான் என்று முதல் நாளே எனக்குத் தெரியும், சொன்னேன், யார் கேட்டார்கள். லேப் அம்மாவுக்குப் பொழுது போகவில்லை, குப்பையைக் கிண்டுகிறார் என்று கீழ்வீட்டில் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆமாம், கிண்டுகிறேன். ஓய்வு பெற்ற மறுமாசம் தொடங்கினேன். மேலே ஒன்று நடுவில் ஒன்று அடியில் ஒன்றாகச் சுட்ட மண்தொட்டி, பக்கமெல்லாம் துளை, மேலே போடுகிற குப்பை நிறைந்ததும் நடுவுக்கு இறங்கும், நடுவில் இருப்பது அடிக்கு இறங்கும், மூன்றாம் மாசம் கருப்பாகப் பொலபொலவென்று உரம். யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை, பரவாயில்லை. வீட்டில் இவர்கூட முதலில் சிரித்தார். ஆயுள் முழுக்க டிக்கெட் வாங்காதவனைப் பிடித்த பஸ் பரிசோதகர், வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவுமிடத்தில் வைத்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷர் ஆவணி பிறந்ததும் ஒருநாள், உனக்குத்தான் முழங்கால் முடியலையே, வாளியை நான் மேலே கொண்டுபோறேன் என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம். தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன், உங்க அத்தானுக்குப் புத்தி வந்துடுச்சுடி என்று. தினமும் பத்துப் பத்தரைக்கு வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நானும் வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஏறிக் கிளறுவதோடு சரி, இந்த நாலு ஞாயிறு வலியில் அதுவும் இல்லை, நிறைந்த மேல்தொட்டியை நடுவுக்கு மாற்றினதும் இவர்தான். இருந்திருந்தால் ஷர்மிளாவை அன்றைக்கே கையும் களவுமாகப் பிடித்திருப்பேன்.

காகிதத்தை விரித்து முதல் இட்லியை எடுத்து வைத்தேன். இரண்டாவதை எடுத்தேன். உதிரவில்லை, கெட்டியாகத்தான் இருக்கிறது, முந்தாநாள் இட்லியாக இருக்க வேண்டும். திருப்பி வைத்தேன். அடிப்பக்கத்தில் கட்டம் கட்டமாகச் சின்னச் சின்னத் தடம். துணித் தடம். இந்தக் கட்டிடத்தில் பன்னிரண்டு வீடு. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றுகிறவர்கள் பதினொன்று. துணி போட்டு ஊற்றுகிறவள் ஒருத்திதான். குறுக்கே ஒரு கோடு வேறு ஓடுகிறது, அது இவருடைய பழைய வேட்டியைக் கிழித்து நான் ஓரம் மடித்துத் தைத்த தையல். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். முந்தாநாள் ஆறு இட்லி ஊற்றினேன். எனக்கு மூன்று, இவருக்கு மூன்று. நான் தின்றுவிட்டு வைத்தியத்துக்குக் கிளம்பினேன், இவருக்கு மூடி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து, சாப்ட்டீங்களா என்றேன். சாப்டாச்சு, சட்னி நல்லா இருந்துச்சு என்றார். சட்னி நல்லா இருந்துச்சாம். வாய் கூசாமல். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. பிடிக்கவில்லை என்றால் சொல்ல வேண்டியதுதானே. தினமும் இட்லிதானா என்று கத்த வேண்டியதுதானே, முப்பத்துநாலு வருஷமாகக் கத்தாதவரா. உளுந்து கழுவி மாவாட்டிப் புளிக்க வைத்து, முழங்கால் வலியோடு அடுப்படியில் நின்று, அதைக் கொண்டுவந்து குப்பையில் போட்டு மேலே சருகு தூவி மூடியிருக்கிறார். சருகு தூவத் தெரிந்திருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு தடவையும் குப்பை போட்டால் மேலே காய்ந்தது ஒரு கை போடணும் என்று நான் சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறார், சமைத்ததைப் போடக்கூடாது என்று சொன்னதைக் கேட்கவில்லை. மண்ணுக்குள்ள போட்டா எல்லாம் மண்ணாயிடும் என்று ஒருநாள் பெருமையடித்தேன் அல்லவா, அது போதும் அவருக்கு. வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டால் நான் பார்ப்பேன், பச்சை வாளி நீல வாளி என்று பிரித்து வைக்கிறவள் ஆயிற்றே. அதனால் இங்கே. பிடிபடாமல் போக வழி கண்டுபிடித்திருக்கிறார் பரிசோதகர்.

அந்தப் பெண்ணை நாலு பேர் கேட்கக் கேட்டேனே. அதை இப்போது நினைக்கக்கூடாது. பழைய விளம்பரத் துணி ஒன்றைத் தரையில் விரித்து மேல்தொட்டியில் இருந்ததை அடுக்கடுக்காக வாரிப் போட்டேன். எத்தனை நாளாக நடக்கிறது இது, அதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே இறங்க மாட்டேன். குப்பைக்கு நாள் கிழமை உண்டு. காய் வாங்குகிறவள் நான், நறுக்குகிறவள் நான், எந்தத் தோல் எந்த நாள் என்று எனக்குத் தெரியாதா. மேலாக நேற்றைய சுரைக்காய்த் தோல். அதோடு ஒரு வெள்ளைக் கட்டி, தயிர்சாதம், நேற்று மத்தியானம் நான் சாப்பிட்டுப் படுத்த பிறகு, செய்தி பார்த்துட்டுச் சாப்பிடுறேன் என்றாரே, அது, நான் தூங்கும்போது இன்னொரு தடவை மாடி ஏறியிருக்கிறார். அடுத்தது முந்தாநாள், பீர்க்கங்காய்த் தோலும் இந்த இட்லிகளும். அதற்கடுத்து ஞாயிறு, முருங்கைக்காம்பு, நடுவில் மடித்தபடியே ஒரு தோசை. சனிக்கிழமை வாழைப்பூ மடல், உருட்டின உருட்டிலேயே சோற்று உருண்டைகள், நாலு, ஐந்து. உருட்டியிருக்கிறார். வாய்வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். களைக்கொத்தால் இன்னும் கிளறினேன். வெள்ளி, கீரைத்தண்டு, பொங்கல். வியாழன், சேனைத் தோல், சப்பாத்தி. ஒவ்வொரு நாளும் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுகூட இல்லை. இத்தனை நாள் இந்த மனுஷன் என்ன தின்று உயிரோடு இருக்கிறார். நடுத்தொட்டியைத் தூக்க முடியவில்லை, இழுத்துச் சாய்த்தேன். அதில் பாதி மக்கிவிட்டது, காய்த்தோல் நிறம் தெரியவில்லை. ஆனால் அடையாய் இறுகின கொழகொழப்புத் தெரிகிறது, சோறு மக்கினால் வருகிற கொழகொழப்பு. அமாவாசைக்கு அறுத்த வாழையிலைத் துண்டு இன்னும் நரம்போடு கிடக்கிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் தோல், வெறும் சருகு, நல்ல மண் வாசனை. அப்படியானால் ஆவணி அமாவாசையிலிருந்து. ஒரு மாசம் ஆகப்போகிறது. நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் ஒரு மாசமாக. யார் வீட்டுத் தோல் தடிப்பாகச் சீவப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமாவாசையன்று எதிரே உட்கார்ந்து பரிமாறினேன். அவர் அப்பாவுக்குப் படைத்துக் காக்கைக்கு வைத்துவிட்டு இலையில் உட்கார்ந்தார். ஒரு கவளம், ஒரு மடக்குத் தண்ணீர். ஒரு கவளம், ஒரு மடக்குத் தண்ணீர். என்ன சின்னப்பிள்ளை மாதிரி, தண்ணியைக் குடிச்சே வயித்தை ரொப்புறீங்க என்று அதட்டினேன். பல்லுல வலி என்றார். பல் டாக்டரிடம் போகச் சொன்னேன், போகிறேன் என்றார், அத்தோடு விட்டேன். வடையை எடுத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார், எண்ணெய் ஒத்துக்கலை என்றார். ராத்திரிக்கு மூன்று வாரமாகக் கஞ்சி. வயிறு மந்தம் என்றார். நானும் ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன், ஆமாம், சந்தோஷப்பட்டேன், யாரிடம் மறைக்க. போன வாரம் பின்பக்கப் பால்கனியில் உட்கார்ந்து டொக் டொக்கென்று ஆணியும் சுத்தியலுமாக அடித்துக்கொண்டிருந்தார், பகல் தூக்கம் கெட்டுப்போனதென்று சண்டைக்குப் போனேன். என்ன செய்துகொண்டிருந்தார். பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பழைய ஓட்டைக்கு நாலு விரல் தள்ளிப் புது ஓட்டை. நான் சத்தத்தைத்தான் கேட்டேன், ஓட்டை ஏன் என்று கேட்கவில்லை. இருமல் வேறு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு இருமல், நான் ஃபேனைக் குறைத்து வைத்தேன். இவருக்கு அண்ணன் ஒருத்தர் இருந்தார். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். கிளறு. அண்ணனுக்கு அன்னக்குழாயில் வந்தது. முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி இறங்கவில்லை, பிறகு வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து அதில் ஊற்றினார்கள், கிலோ கிலோவாகக் கரைந்து ஐந்தாவது மாசம் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இவர் சொன்னார், எனக்கு இப்படி ஒண்ணு வந்தா நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் தில்லை, என்னை ஊசி குத்திக் குழாய் மாட்ட விடமாட்டேன். அப்போது நான் காபி வாங்கப் போக வேண்டுமென்று சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். வாயைக் கழுவுங்க என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சொல்லமாட்டாராம். சொல்லாதீர்கள். எனக்கென்ன. நான் யார், பொங்கிப் போடுகிறவள். முப்பத்துநாலு வருஷம் ஒரு கூரைக்கடியில் இருந்தவளிடம் சொல்ல முடியாததைத் தொட்டியிடம் சொல்லியிருக்கிறார். இது கோபம்தான், வேறொன்றும் இல்லை. அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரும் என்று யார் சொன்னது. புண்ணாக இருக்கும். அசிடிட்டியாக இருக்கும், இந்த வயசில் யாருக்கு இல்லை. பல்லாகவே இருக்கலாம், பல் வலிக்கிறவர் உருண்டை உருட்டி வாய்வரைக்கும் கொண்டுபோய்த் திரும்ப வைக்கலாம்தானே. தோசையை மடித்தபடியே வைக்கலாம்தானே. ஒரு மாசம் முன்னால் தெரிந்திருந்தால் ஒரு மாசம் முன்னால் காட்டியிருக்கலாம். அண்ணனுக்குக்கூட டாக்டர் அதைத்தான் சொன்னார், கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று. அந்தக் கொஞ்சத்தைத்தான் இவர் இங்கே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார், நாள்தோறும், மேலே ஒரு கை சருகு தூவி. நான் ஒழுங்காக ஞாயிற்றுக்கிழமை ஏறியிருந்தால் மூன்று வாரம் முன்னாலேயே பிடித்திருப்பேன். முழங்காலாம் முழங்கால். தவழ்ந்தாவது ஏறியிருக்கலாம். நாற்றம் என்று எல்லாரும் சொன்னார்களே, பத்து வீட்டுக்காரர்களும் சொன்னார்களே, அந்த நாற்றத்துக்கு நான் செய்தது என்ன, அடுத்த வீட்டுப் பெண்ணைத் திட்டினேன். மலைக்கோட்டை எதிரே வெயிலில் வெளுத்துப்போய் நிற்கிறது. பிள்ளையாரை ஒரு வார்த்தை கேட்கலாமென்றால் அவர்மேலும் கோபமாக வருகிறது. புழுக்கள் விளம்பரத் துணியின் மேல் நெளிந்து நிழலைத் தேடிப் போகின்றன, கொழுகொழுவென்று இருக்கின்றன, இவர் சோற்றைத் தின்று.

ஜெயபால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கூட ஒரு ஆள், கையில் கயிறும் சாக்கும். பின்னாலேயே ஷர்மிளா துணி எடுக்க வந்து, என்னைப் பார்த்ததும் கொடிக்கு அந்தப் பக்கமாக ஒதுங்கினாள். மாடி முழுக்க நாற்றம். ஜெயபால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தரையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தார், இட்லியைப் பார்த்தார், தோசையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, வருத்தமாகத்தான் பேசினார். நீங்கள் சொன்னது சரிதானம்மா, யாரோ சாப்பாட்டைக் கொட்டுகிறார்கள், யாரென்று மட்டும் சொல்லுங்கள், அவர்களைச் சங்கத்தில் கூப்பிட்டுக் கேட்கிறேன், தொட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஒரு மணி நேரம் முன்னால் நான் எதைக் கேட்க வேண்டுமென்று மாடி ஏறி வந்தேனோ அதை அப்படியே தட்டில் வைத்துக் கொடுத்தார். வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் படிவாசலில் இவர் நிற்பது தெரிந்தது. கையில் வாளி, வாளிமேல் செய்தித்தாள். நான் வீட்டுக்கே வராததால் இங்கே இருப்பேன் என்று நினைத்திருக்கவில்லை. சட்டை தோளிலிருந்து வழிந்து தொங்குகிறது. கழுத்தில் இரண்டு பக்கமும் குழி. இந்தக் குழி எப்போது வந்தது. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், திரும்பிப் போகவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை.

"யாருன்னு தெரியுமாம்மா?" என்றார் ஜெயபால்.

"நான்தான்."

"நீங்களா?"

"நான்தான் கொட்டினேன். சீக்கிரம் மக்குதான்னு பாத்தேன். தப்புதான். தொட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க."

ஜெயபால் ஆளுக்குக் கையைக் காட்டினார். கொடிக்குப் பின்னால் ஷர்மிளா ஒரு துணியை இரண்டு தடவை மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன். என் கையெல்லாம் அழுக்கு, தொடக்கூட முடியாது.

"உன்னைச் சொன்னேன்ல, நீ இல்லம்மா. நாலு பேர் கேக்கச் சொன்னேன், நாலு பேர் கேக்கவே சொல்றேன், நீ இல்ல."

அவள் பரவாயில்லை ஆன்ட்டி என்றாள். பரவாயில்லை என்று சொல்லாமல் திட்டியிருந்தால் தேவலாமென்று இருந்தது. நான் நிற்கவில்லை. படிவாசலில் இவரைத் தாண்டி இறங்கினேன், இவர் பின்னாலேயே வாளியோடு இறங்கி வந்தார். பாதிப் படியில் திரும்பி வாளியைப் பிடுங்கினேன். செய்தித்தாளுக்கு அடியில் ரவா உப்புமா, காலையில் நான் வைத்துவிட்டுப் போனது, வைத்தபடி இருந்தது. முப்பத்துநாலு வருஷத்துக் கத்தல் எல்லாம் நெஞ்சில் வந்து நின்றது. என்ன மனுஷன் நீங்கள், நான் என்ன கல்லா மண்ணா, என்று கத்த வாயெடுத்தேன். இந்த மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்த எனக்குத் தெரியும். வாளியைப் படியில் வைத்தேன்.

"எத்தனை நாளா இறங்கலை?" என்றேன்.

"அமாவாசையிலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ பயந்துக்குவே."

"நானா. நான் எதுக்குப் பயப்படணும்? சட்டையை மாத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஊசியும் வேணாம் குழாயும் வேணாம்னு அங்கே வந்து சொல்லிக்குங்க, என்கிட்ட சொல்லாதீங்க."

மேலே தொட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"கஞ்சியாவது இறங்குதா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"தண்ணி?"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து வரைக்கும் இறங்குச்சு" என்றார்.